நாலு துண்டுத் தூண்டில்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதீர்கள். இங்கே எல்லோரும் நலம், உங்கள் கொழுந்தியாவின் கோபம் உட்பட. போனில் பேச வழியில்லை. என் போன் பாதி நாள் அவள் கையில்தான் இருக்கிறது. உங்கள் போனை எடுப்பதே அண்ணிதான். அதனால் நீங்கள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முகவரிக்கு எழுதுகிறேன். பதிலை என் லிஃப்ட் கம்பெனிக்குப் போடுங்கள். அக்காளும் தங்கையும் பேசாமல் இருக்கிறார்கள், அது அவர்கள் பாடு. அவர்களைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு நாம் இரண்டு பேரும் இந்த வயதில் காதல் கடிதம் மாதிரி ஒளித்து ஒளித்து எழுத வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். ஜூனில் என்னைக் கடல் தாண்டி ஓர் ஊருக்கு அனுப்புகிறார்கள். நாற்பது மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் பூட்டும் வேலை, இரண்டு வருஷம். குடும்பத்தோடு போகிறேன். தங்கும் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடலாம். என் பழைய நீளத் தூண்டில் கழியை விமானத்தில் ஏற்ற முடியாது. பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று வேண்டும். கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று ரேடியோ ஏரியல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போய்ச் சுருங்கிக்கொள்கிறது. இன்னொன்று நாலு துண்டாகக் கழற்றிக்கொள்வது. எது நல்லது என்று கேட்டால் கடைக்காரர் இரண்டுமே நல்லது என்கிறார். அதில்தான் எனக்குச் சந்தேகமே வருகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுச் சமையலறையில் என்னதான் நடந்தது? நாம் பின்கட்டில் தூண்டில் ரீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு தட்டு விழுந்தது. அடுத்த நிமிஷம் இவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என்னைக் கேளு" என்று கிளம்பிவிட்டாள். சண்டை அவர்களுக்குள், தடை நமக்கு. அன்றிலிருந்து நான் தூண்டிலைத் தொடக்கூடாது, உங்களோடு ஏரிக்குப் போகக்கூடாது. ஏன் என்று கேட்டால், "உங்களுக்குத் தெரியாதாக்கும்" என்கிறாள். சத்தியமாகத் தெரியாது அண்ணே. உங்களுக்குத் தெரியுமா?

ஜூனுக்குள் இவர்கள் பேசிவிட்டால் சரி. இல்லையென்றால் இரண்டு வருஷம் போய்விடும். அதற்கப்புறம் யார் முதலில் பேசுவது என்பதே இன்னொரு சண்டையாகிவிடும்.

உங்கள் சகலை,
அவசரம்

*

மார்ச் 10

தம்பிக்கு,

கடிதம் வந்தது. உறை முழுக்க கிரீஸ் கறை. ஒரு கடிதத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்குத் தூண்டில் கழி எதற்கு என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். உனக்கு அவசரம் என்று பேர் வைத்தது நான்தான். எனக்குத் தூசி என்று பேர் வைத்தது நீ. இரண்டு பேருமே சரியாகத்தான் வைத்திருக்கிறோம்.

ஏரியல் கழி வேண்டாம். பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் கடற்கரை மணல் உள்ளே போய்விட்டால் நகராது. நுனி குச்சி மாதிரி மெலிந்திருக்கும், கதவில் பட்டால் ஒடிந்துவிடும். நாலு துண்டே வாங்கு. சேர்த்தால் ஏழடி, கழற்றினால் ஒவ்வொரு துண்டும் இரண்டடிக்குள் இருக்க வேண்டும். முதலில் உன் பெட்டியை அள. நீளவாக்கில் அளக்காதே, உள்ளே மூலைக்கு மூலை குறுக்கே அள. அதுதான் பெட்டியில் அதிகமான நீளம். இதைத் தெரியாமல்தான் பலர் பெரிய பெட்டியாகத் தேடி அலைகிறார்கள்.

கடையில் நாலையும் சேர்த்து, நுனியில் ஆரம்பித்துக் கண்ணை ஒட்டி வைத்துப் பார். தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். நுனியைத் தரையில் லேசாக ஊன்றி வளைத்துப் பார். மூட்டில் மட்டும் மடங்கினால் வைத்துவிட்டு வா. முழுக் கார்பன் விறைப்பாக இருக்கும், உன் முரட்டுக் கைக்குத் தாங்காது. ஃபைபர் கலந்ததாகக் கேள். கெட்டியான குழலும், உள்ளே போட்டுக்கொள்ளத் துணி உறையும் சேர்த்துத் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்கு.

சண்டை எதற்கு என்று எனக்கும் விளங்கவில்லை. உன் அண்ணியிடம் கேட்டதற்கு, "ஒண்ணும் தெரியாத மாதிரி மூஞ்சிய வச்சுக்காதீங்க" என்றாள். என் மூஞ்சி எப்போதுமே அப்படித்தான் இருக்கும். மாமியார் விட்டுப்போன தையல் மிஷின் யாருக்கு என்பதில் வந்திருக்கும் என்பது என் கணக்கு. நீரடித்து நீர் விலகாது என்பார்கள். எட்டு மாதமாக விலகித்தான் இருக்கிறது.

நீ போகிற செய்தியை இரண்டு வரியில் எழுதிவிட்டாய். எனக்கு அதைப் படித்து முடிக்க நேரம் ஆனது.

அண்ணன்

*

மார்ச் 27

அன்புள்ள தூசி அண்ணனுக்கு,

வாங்கிவிட்டேன். வளையத்தைப் பார்த்தேன், வளைத்தேன், பெட்டியைக் குறுக்கே அளந்தேன். எல்லாம் நீங்கள் சொன்னபடி. கடைக்காரர் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்து நாற்காலி போட்டார்.

வீட்டில், "என்ன அது குழாய்?" என்றாள். லிஃப்ட்டுக்குள் வயர் போகிற குழாய் என்றேன். "பூப்போட்ட துணி உறையோடயா?" என்றாள். அதற்கு என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. ஏதோ உளறினேன்.

தையல் மிஷின் இல்லை அண்ணே. அது இங்கேதான் இருக்கிறது, அண்ணிதான் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாராம். என் சந்தேகம் எங்கள் பாப்பாவின் பிறந்தநாள்மேல். அன்று மீன் நன்றாக எடுத்ததால் நாம் கேக் வெட்டி முடித்த பிறகுதான் வந்தோம். ஆனால் அதற்காக அக்காளும் தங்கையும் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்? திட்ட வேண்டியது நம்மை அல்லவா? யோசித்தால் தலை சுற்றுகிறது.

இப்போது ஓர் ஆபத்து. அவள் கடைக்குப் போன நேரத்தில் மொட்டை மாடியில் கழியைச் சேர்த்து இரண்டு வீச்சு வீசிப் பார்த்தேன். சுகம் என்றால் அப்படி ஒரு சுகம். கழற்றினால் நடு மூட்டு வரவில்லை. இழுத்தேன், முறுக்கினேன், கீழ் வீட்டு எலக்ட்ரீஷியனை ஒரு பக்கம் பிடித்து இழுக்கச் சொன்னேன். அசையவில்லை. ஏழடிக் கழியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். நாளைக்கு இடுக்கி எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

அவசரம்

*

ஏப்ரல் 2

தம்பி,

இடுக்கியை எடுத்திருந்தால் இந்தக் கடிதத்தை இதோடு மடித்து வைத்துவிடு.

எடுக்கவில்லை என்றால் கேள். வளையத்தைப் பிடித்து முறுக்கவே கூடாது, அது கையோடு வந்துவிடும். கழியைக் கால் முட்டிகளுக்குப் பின்னால் கிடையாகக் கொடுத்துக் கொஞ்சம் குனி. மூட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை, இரண்டும் முட்டிக்கு வெளியே இருக்கட்டும். கையால் இழுக்காதே, முட்டிகளை மெல்ல அகட்டு. வந்துவிடும். பார்க்க நன்றாக இருக்காது, அதனால் தனியாக இருக்கும்போது செய். வராவிட்டால் உள்ளே நுழைகிற துண்டின்மேல் ஐஸ் கட்டியை வைத்து மறுபடி பார்.

இனிமேல் சேர்க்கும் முன் இரண்டு பக்கமும் துடை. மாதம் ஒருமுறை மூட்டில் மெழுகுவர்த்தியால் ஒரு கோடு இழுத்து விரலால் பரப்பு. கடலில் பிடித்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவு. ஈரத்தோடு குழலுக்குள் போட்டு மூடினால் கைப்பிடி பூஞ்சை பிடிக்கும், வளையத்தின் காலெல்லாம் துரு ஏறும். காய்ந்த பிறகு மூடு. இதை நீ செய்ய மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒளித்து வைப்பதற்கு ஒரு யோசனை. முழுக் கழியைப் பார்த்தால் யாருக்கும் தூண்டில் என்று தெரியும். பாதியைப் பார்த்தால் ஏதோ குச்சி. ஆகவே இரண்டு துண்டு உன்னிடம், இரண்டு துண்டு என்னிடம். நுனிப் பக்கத்தை எனக்கு அனுப்பு. ஒடியக்கூடியது, உன் கையில் இருக்கக்கூடாது. கைப்பிடிப் பக்கம் உன்னிடம் இருக்கட்டும். நீ போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு வா. அங்கே சேர்ப்போம்.

உண்மையைச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வது என்றே தெரியவில்லை. போன வாரம் வீட்டில் இருக்கிற கண்ணாடிகளையெல்லாம் துடைத்தேன். ஒடிந்த கண்ணாடியைக்கூடத் துடைத்தேன். நீ இல்லாமல் இரண்டு வருஷம் எப்படிப் போகும் என்று புரியவில்லை.

அண்ணன்

*

ஏப்ரல் 15

அண்ணே,

முட்டி வைத்தியம் பலித்துவிட்டது. ஆனால் தனியாக இருக்கும்போது செய்யச் சொன்னீர்கள். செய்து முடித்து நிமிர்ந்தால் மாடிப்படியில் எலக்ட்ரீஷியன் நிற்கிறார். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, பாதியை மறைக்கலாம் என்கிறீர்கள். சரி. நுனித் துண்டுகள் இரண்டையும் பூப்போட்ட உறையோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கைப்பிடித் துண்டுகளை இன்னோர் உறையில் கட்டி, என் வேலைப் பையில் ஸ்பேனர்களுக்கு அடியில் போட்டிருக்கிறேன். அந்தப் பையை அவள் தொடவே மாட்டாள், கிரீஸ்.

மே 10 ஞாயிறு. நாம் வழக்கமாக உட்காரும் மதகுப் பக்கம். வீட்டில் அவசர வேலை, லிஃப்ட்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்லிவிடுவேன்.

அண்ணே, ஒன்று கேட்கட்டுமா? இவள் நேற்று அலமாரியை ஒழித்தபோது பழைய புடவை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணியுடையதாம். எப்போதோ கட்டிக்கொண்டு வந்து திருப்பிக் கொடுக்கவில்லையாம். "அனுப்பி வைக்கட்டுமா?" என்றேன். "நீங்க பேசாம இருங்க" என்றாள். அப்புறம் அதைக் கொண்டுபோகிற பெட்டிக்குள் வைத்தாள். கோபம் இருக்கிறவள் ஏன் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

அவசரம்

*

ஏப்ரல் 25

தம்பி,

பார்சல் வந்தது. கடையில் வைக்கலாம் என்றுதான் இருந்தேன். லென்ஸ் வைக்கிற இடத்தில் என்ன குச்சி என்று முதலாளி சத்தம் போட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கே வைத்தாலும் உன் அண்ணி கண்ணில் படும். கடைசியில் கூடத்துத் திரைச்சீலை தொங்குகிற பித்தளைக் குழாயைப் பார்த்தேன். உள்ளே வெற்று. உறையோடு சரியாக நுழைந்தது. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தால் ஜன்னலில் திரைச்சீலை இல்லை. துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை துவைப்பவள், போன மாதம்தான் துவைத்தாள். குழாய் அதன் இடத்தில் இருந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் எட்டித் தட்டிப் பார்த்தேன். கனம் இருக்கிறது, உறையின் நாடா விரலில் தட்டுப்படுகிறது. உயிர் வந்தது.

ஆனால் அன்றிலிருந்து அவள் போக்கு சரியில்லை. என்னிடம் சிடுசிடுப்பதில்லை. அடிக்கடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுகிறாள். நான் உள்ளே போனால் வைத்துவிடுகிறாள். பத்தாம் தேதி கண் பரிசோதனை முகாமுக்குப் போக வேண்டும் என்றேன். "போயிட்டு வாங்க. வெயில்ல உக்காரணும், தொப்பி எடுத்துக்கங்க" என்றாள். கண் பரிசோதனையில் எதற்கு வெயிலில் உட்கார வேண்டும்?

அண்ணன்

*

மே 2

அண்ணே,

இங்கேயும் அதே கதைதான்.

பத்தாம் தேதி அவசர வேலை என்றேன். என்றைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவள், "பாவம், மாட்டிக்கிட்டவங்க ஞாயித்துக்கிழமை வரைக்கும் உள்ளயேவா இருப்பாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எட்டு நாளைக்கு முன்னாலேயே லிஃப்ட்டில் ஆளை மாட்டவைத்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வேலைப் பையைப் பார்த்தேன். உறை இருக்கிறது, முடிச்சும் இருக்கிறது. ஆனால் நான் எப்போதும் ஒரு முடிச்சுதான் போடுவேன். இப்போது இரண்டு இருக்கிறதா, முதலிலிருந்தே இரண்டா, நினைவில்லை. அவிழ்த்துப் பார்க்கலாம் என்றால் அவள் எதிரிலேயே உட்கார்ந்து துணி மடிக்கிறாள். விடிகிறது, முடிகிறது, அவள் அங்கேயே மடித்துக்கொண்டிருக்கிறாள்.

எதுவானாலும் ஞாயிறு வருகிறேன். அடுத்த வாரமே சாமான் கட்ட வேண்டும்.

அவசரம்

*

மே 11

தம்பி,

நேற்று மதகுப் பக்கம் நான் என் உறையை அவிழ்த்தபோது நீ சிரித்தாய். உள்ளே ஒட்டடைக் கம்பை இரண்டாக ஒடித்து வைத்திருந்தது. நீ உன் உறையை அவிழ்த்தபோது நான் சிரித்தேன். பழைய குடையின் தண்டு. அதற்கப்புறம் நாம் சிரிக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தோம். நீ வாங்கி வந்த புழுவைச் சும்மா தண்ணீரில் போட்டோம், மீன்களுக்கு நல்ல நாள். பிறகு நீ உன் பஸ்ஸில், நான் என் பஸ்ஸில்.

உன் வீட்டுக்காரி உன்னிடம் எவ்வளவு சொன்னாளோ எனக்குத் தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு வாசலில் அவள் செருப்பு கிடந்தது. முதலில் புரியவில்லை, யாரோ விருந்தாளி என்று நினைத்தேன். பிறகு வார் அறுந்து தைத்த இடத்தைப் பார்த்தேன். இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாளோ அதே செருப்பு. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் வெளியிலேயே நின்றேன். உள்ளே இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம்.

சாப்பாட்டு மேசையில் நம் கழி. நாலு துண்டும் சேர்த்து, மேசையின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு கிடந்தது. வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில். என்னைவிட நன்றாகச் சேர்த்திருந்தார்கள். ஒரு பக்கம் உன் அண்ணி, இன்னொரு பக்கம் அவள், மடியில் அந்தப் பழைய புடவை.

சண்டை எதற்கு என்று இப்போதாவது தெரிந்துகொள். அன்று சமையலறையில் உன் அண்ணி சொன்னாளாம், "உன் வீட்டுக்காரர் வந்து இழுக்கலைன்னா இவர் ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பாரு." அவள் திருப்பிச் சொன்னாளாம், "எங்க வீட்டுக்காரருக்குத் தூண்டில்னா என்னன்னே தெரியாது. பழக்கிவிட்டுக் கெடுத்ததே உன் வீட்டுக்காரர்தான்." அவ்வளவுதான். தையல் மிஷினும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. இரண்டு பேரும் தன் புருஷனை விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டிருக்கிறார்கள். நாம் பின்கட்டில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம்.

நான் குழாய்க்குள் ஒளித்தது தெரிந்ததும் உன் அண்ணிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அத்தனை மாதம் கழித்து, தங்கைக்குப் போன் போட்டுக் கத்தினாளாம், "உன் வீட்டுக்காரர் எங்க வீட்டுத் திரைச்சீலைக் கொழாய் வரைக்கும் வந்துட்டாரு" என்று. அவள், "எங்க வீட்டுக்காரர் அதையெல்லாம் விட்டு மாசக்கணக்காச்சு" என்று ரோஷமாகச் சொல்லிவிட்டு, நிரூபிக்கிறேன் என்று போய் உன் கிரீஸ் பையைக் கவிழ்த்தாளாம். கைப்பிடிப் பக்கம் வந்து விழுந்திருக்கிறது. உறைகளுக்குள் ஒட்டடைக் கம்பையும் குடைத் தண்டையும் மாற்றி வைப்பது என்று அந்தப் போனிலேயே முடிவு செய்தார்களாம். அப்புறமும் போனை வைக்கவில்லையாம்.

நான் மேசை பக்கத்தில் நின்றேன். உன் அண்ணி கழியின் நடு மூட்டில் விரலை வைத்து, "இங்க பாதி, அங்க பாதி. இதுல யாரு யாரைக் கெடுத்தது, நீங்களே சொல்லுங்க" என்றாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

பிறகு அவர்களே தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். கழியைக் கழற்றி, கைப்பிடிப் பக்கத்தை உன் வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள், நுனிப் பக்கத்தை உன் அண்ணி. அதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டுமாம். வேறு கழி வாங்கக் கூடாதாம். "நாங்க ரெண்டு பேரும் எங்க ஒண்ணா இருக்கோமோ, அங்கதான் அது ஒண்ணா சேரும்." இது மன்னிப்பா, தண்டனையா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அண்ணன்

*

ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணே,

இப்போது போனில் பேசத் தடையில்லை. ஆனால் போன் எப்போதும் அக்காள் தங்கை கையிலேயே இருக்கிறது, நமக்கு முறை வருவதில்லை. பழைய வழிக்கே வந்துவிட்டேன்.

வீட்டு ஜன்னலில் நிஜமாகவே கடல் இருக்கிறது. சாயங்காலம் கரையில் வரிசையாக ஆட்கள் நின்று வீசுகிறார்கள். என் கையில் நுனி இல்லாத பாதிக் கழி. நேற்று அதை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் நின்றேன். ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, ஒடிந்துவிட்டதா என்று சைகையில் கேட்டார். இல்லை, மீதி என் சகலையிடம் இருக்கிறது என்று சைகையில் எப்படிச் சொல்வது? முயற்சி செய்தேன். அவர் நகர்ந்து நின்றுகொண்டார்.

மூட்டில் மாதம் தவறாமல் மெழுகு போடுகிறேன், நம்புங்கள். ஒருமுறைகூடத் தண்ணீரைப் பார்க்காத கழிக்கு எதற்கு மெழுகு என்று எனக்கும் தெரியவில்லை. போடாவிட்டால் மனசு கேட்கவில்லை. இவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். நேற்று மட்டும் மெழுகுவர்த்தியை எடுத்துக் கொடுத்தாள். "அக்காகிட்ட சொல்லிட்டேன், ரெண்டு வருஷமெல்லாம் என்னால முடியாதுன்னு" என்றாள்.

அண்ணி என்ன சொன்னார்கள்?

அவசரம்

*

செப்டம்பர் 1

தம்பி,

உறையில் கிரீஸ் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

உன் அண்ணி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று பரண்மேலிருந்து பெரிய பெட்டியை இறக்கச் சொன்னாள். இறக்கித் துடைத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை, கேட்டால் இல்லையென்று ஆகிவிடுமோ என்று பயம். துணிகளை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வழிவிட்டு எழுந்தேன்.

"எங்க போறீங்க? முதல்ல அதை எடுத்துட்டு வந்து வைங்க," என்றாள். "அதை வச்சிட்டுத்தான் மத்ததை அடுக்கணும்."

மூலைக்கு மூலை, குறுக்கே வைத்தேன். சரியாக இருக்கிறது. உன் பாதியைத் துடைத்து வை.

அண்ணன்